புகையிலையோடு வேலை நேரத்தையும் பேசுவோம்



மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் தூய்மைப் பணியாளர்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: ‘எப்பப் பார்த்தாலும் வாயில புகையிலை. அவங்க பழக்கம் அப்படி.’ அந்த ‘அவங்க’ என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இத்தொழிலாளர்களோடு பேசிவருகிறேன். அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். விடிந்ததும் வருகைப் பதிவு. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இருட்டிலேயே பஸ் பிடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை போட்ட டீ. வேலை செய்யும் தெருவில் கழிப்பறை இல்லை. அதனால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. உடலில் நீர் குறைந்தால் எச்சில் வற்றும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். பசியையும் குப்பை நாற்றத்தையும் மறக்கப் புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். நிகோடின் பசியை மந்தப்படுத்தும்.

நான் புகையிலைக்கு வக்காலத்து வாங்கவில்லை. மெல்லும் புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இதே அடையாறில்தான் இருக்கிறது. வாயில் வரும் வெள்ளை, சிவப்புத் திட்டுகளை விளக்கொளியில் பார்த்தே ஆரம்பத்தில் கண்டுபிடிக்கலாம். ஆனால் அரசு மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலையில். இவர்கள் தெருவில் நிற்பதும் காலையில். போனால் ஒரு நாள் கூலி போச்சு.

2013இல் தமிழ்நாடு அரசு குட்காவைத் தடை செய்தது. தடை பெட்டிக்கடைக்குப் போனது, வேலை நேரத்தைத் தொடவில்லை.

2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராடினார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாளே அரசு இலவசக் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தது. பணி நிரந்தரம் கேட்டவர்களுக்கு இட்லி பதிலாகாது. ஆனாலும் இந்த வேலை நேரத்தில் சாப்பிட முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் மீதியையும் கேட்போம்: வேலைக்கு நடுவே ஓய்வு, கழிப்பறை, குடிநீர், வருகைப் பதிவிடத்திலேயே வாய்ப் பரிசோதனை, சிகிச்சைக்குக் கூலியோடு விடுப்பு.

இவை கிடைத்த பிறகு பழக்கத்தை விடச் சொல்லுங்கள். அதுவரை ‘அவங்க பழக்கம்’ என்று யாராவது சொன்னால், ‘அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜெய்பீம்.