ஹோலியும் காமன் பண்டிகையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஔந்த்தில் வாழும் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் வினா ஒன்றுண்டு. ஹோலிப் பண்டிகை நம்முடையதா, பிறருடையதா? வண்ணம் பூசும் நாளன்று கதவைத் தாழிட்டிருப்போரும் நம்மிடையே உளர். பிள்ளைகளோ சன்னலருகே நின்று ஏங்குகின்றனர். இவ்வினாவிற்கு இயன்றவரை விடை கூறுவதே என் உரையின் நோக்கம்.

பால்குன மாதப் பௌர்ணமி இரவில் மராட்டியர் நடுவே ஆமணக்கோ கரும்போ நட்டு, சுற்றிலும் வரட்டி அடுக்கி, பூரணப் போளி படைத்து எரியூட்டுவர். தஞ்சை நாட்டுச் சிற்றூர்களை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. அங்கும் மாசி மாதத்தில் கரும்பும் ஆமணக்கும் நட்டுக் காமனை நிறுத்திப் பௌர்ணமியன்று எரிக்கின்றனர். இங்கே எரிபவள், பிரகலாதனைத் தீயிலிட முயன்ற ஹோலிகை. அங்கே எரிபவன், சிவபெருமானின் தவத்தைக் கலைக்கக் கரும்பு வில் ஏந்திய காமன். கதை வேறு, மூட்டும் தீ ஒன்றே. காமனை எரித்த தலமாகப் போற்றப்பெறும் திருக்குறுக்கை, அட்ட வீரட்டங்களுள் ஒன்றாக மயிலாடுதுறைக்கு அண்மையில் விளங்குகின்றது.

இரு நாட்டுக்கும் உள்ள தொடர்பு இதனினும் நெருங்கியது. பதினேழாம் நூற்றாண்டில் சிவாஜி மன்னரின் தம்பி வெங்கோஜி தஞ்சையில் நிறுவிய மராட்டிய அரசு 1855 வரை நிலவிற்று. அக்காலத்தே மராட்டிய லாவணி காவிரிக் கரையை அடைந்து தமிழில் ஒலிக்கலாயிற்று. காமன் பண்டிகை இரவுகளில் இரு கட்சியினர் எதிரெதிரே அமர்ந்து பாடுவர். காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடியுமட்டும் வாதம் நடக்கும்.

இப்பண்டிகையின் உட்பொருள் அவ்வாதத்திலேயே அடங்கியுள்ளதென்பது என் துணிபு. இரு கட்சியும் மெய்யே கூறுகின்றன. நெற்றிக்கண் எரித்தது காமனின் உடலை. இரதிதேவி இரந்தபோது, அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவனை மீண்டும் அளித்தான் இறைவன். எனக்கு, எனக்கு என்னும் ஆசை எரிதல் வேண்டும். அது எரிந்த பின்னும் எரியாது நிற்பது அன்பு. அன்பையும் சேர்த்து எரித்தல் துறவாகாது.

தீ மூட்டிய மறுநாள் தூளிவந்தனம். அதாவது புழுதியை வணங்கும் நாள். எரிந்த சாம்பலை நெற்றியில் இடுவர். திருநீறு அணியும் நமக்கு அதன் பொருளை எவரும் உரைக்க வேண்டுவதில்லை. ஐந்தாம் நாள் ரங்கபஞ்சமி. வண்ணம் தூவும் நாள். இக்காலத்தில் பலர் தூளிவந்தனத்தன்றே வண்ணமும் ஆடிவிடுகின்றனர். எனினும் வரிசையை மறத்தலாகாது. முதலில் தீ, பின்னர்ச் சாம்பல், அதன் பின்னரே வண்ணம். செருக்கு எரிந்து, யாவரும் மண்ணே என்று உணர்ந்தவனுக்கே பிறர் முகத்தில் வண்ணமிடும் உரிமை உண்டு. அப்போது அதிகாரி யார், கடைநிலை ஊழியர் யார், மராட்டியர் யார், தமிழர் யார் என்று முகத்தைக் கண்டு அறிய இயலாது.

தீயை மறந்து வண்ணத்தை மட்டும் கைக்கொள்வோரால் விளையும் தீங்கை, ரயில்வேயில் பணிபுரியும் யான் நன்கு அறிவேன். ஓடும் வண்டியின் மீது எறியும் நீர்ப்பை, வாயிலருகே நிற்பவரின் கண்ணைக் கல்லெனத் தாக்கும். விரும்பாத பெண்மீது வண்ணம் பூசுதலும், பச்சை மரத்தை வெட்டி எரித்தலும் அத்தகையனவே. அங்கே காமன் எரியவில்லை; வண்ணம் பூசிக்கொண்டு உலவுகின்றான்.

இலங்கை மலையகத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர், காமன் கூத்தைத் தம்முடன் கொண்டு சென்றனர். அவர்தம் வழியினர் இன்றும் ஆடுகின்றனர். நாமோ கொண்டுவரவும் வேண்டுவதில்லை. அது நம் வாயிலிலேயே நிற்கின்றது. ஆதலின், வரும் ஹோலிப் பௌர்ணமியன்று குடும்பத்தோடு தீயருகே செல்லுங்கள். அண்டை வீட்டார் நம் பிள்ளைகளுக்கு ஹோலிகையின் கதையைச் சொல்லட்டும். நாம் அவர்தம் பிள்ளைகளுக்குக் காமன் கதையைச் சொல்லுவோம். மறுநாள் நம் கதவுகள் திறந்திருக்கட்டும்.