மே மாதத்து வருமானம்



தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் நாள் இந்த ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ரயில் முதலில் வந்த இடத்துக்குக் கல்லூரிகள் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் மக்கள் சொல்லும் ஸ்டான்லி 1938இல் மருத்துவக் கல்லூரியானது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950இலும், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964இலும், வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி 1973இலும் வந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், காசிமேட்டில் வலை இழுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டம் வாங்கியது இந்த நாலைந்து வாசல்கள் வழியாகத்தான்.

இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4 சதவீதம். நம் மாநிலத்தில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடுதல். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது நமக்குப் பக்கத்தில், அதே பாரதி மகளிர் கல்லூரியில்தான். அந்த ஆயிரம் ரூபாய் மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. அதனால் வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு கனம் கூடியிருக்கிறது. இந்தப் பெருமையை நான் மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் 47 என்பது கல்லூரியில் பெயர் பதிந்தவர்களின் கணக்கு. மூன்றாண்டும் இருந்து படித்து முடித்தவர்களின் கணக்கை இந்தக் கருத்தரங்கம் கேட்டாக வேண்டும். அதற்கு மே மாதத்திலிருந்து தொடங்குவோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளம் பெருக அது வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விசைப்படகுகள் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏலம் ஓய்ந்துவிடும். ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் அம்மா, எல்லோருக்கும் வரும்படி சுருங்கும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபாய். இதே இரண்டு மாதத்தில்தான் பிளஸ் டூ முடிவு வருகிறது, விண்ணப்பம் போடவேண்டும், கலந்தாய்வுக்குப் போகவேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு தாங்கும். கிடைக்காமல் சுயநிதிப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், வருமானமே இல்லாத மாதத்தில் வட்டிக்கு வாங்கித்தான் முதல் கட்டணம் கட்டவேண்டும். அந்தக் கடன் முதலாண்டு முழுவதும் அந்தப் பிள்ளையின் கூடவே வகுப்புக்கு வருகிறது. பகுதிநேர வேலைக்குப் போய், வருகை குறைந்து, தேர்வெழுத முடியாமல் நின்றுபோவது இப்படித்தான் தொடங்குகிறது.

தடைக்காலமாவது நாள் தெரிந்து வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கட்டுமரமும் ஃபைபர் படகும் கறுத்து நின்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு அது தேர்வுப் பருவம்.

வகுப்பறையில் எதிரே நிற்பவருக்கும் மே மாதம் வறண்ட மாதம்தான். அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம் மட்டும். மே மாதத்தில் ஊதியம் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டு இதே பணியில் இருப்பவர்கள் அவர்களில் உண்டு. கட்டிய படகைப் பார்த்துக்கொண்டு தகப்பனும், வராத சம்பளத்தை எண்ணிக்கொண்டு ஆசிரியரும் ஒரே மாதத்தைக் கடக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் பணியிடம் 4000 என்று 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கும் நியமனத்துக்கும் நடுவே அவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. தலைமை இடமும் வெறுமையாயிற்று: நூற்றறுபது ஆண்டு கடந்த சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியானது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், தாமதத்தின் சுமை மாணவர் தலையில்தான்.

மே மாதம் என்றதும் வெளிநாட்டுப் படிப்பை நம்பியவர்களையும் நினைக்கிறேன். 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறெந்த நாட்டினரையும்விட அதிகம். 2025 மே இறுதியில் அந்நாட்டு மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நாள் ஒதுக்குவதையே சில வாரம் நிறுத்தினார்கள். வங்கிக் கடனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வாரங்களை எப்படிக் கழித்திருக்கும்!

இரண்டு கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். கடலோரக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் முதல் பருவக் கட்டணத்தை ஜூலைக்குப் பிறகு தவணையாக வாங்கவேண்டும். கௌரவ விரிவுரையாளருக்குப் பன்னிரண்டாவது மாதச் சம்பளம் தரவேண்டும். இவற்றைச் செதுக்கித் தீர்மானமாக்கும் பொறுப்பு மாலை அமர்வினுடையது. வகுப்பைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிய முதல் கட்டுரையைப் படைக்க வருமாறு திருவொற்றியூரிலிருந்து வந்திருக்கும் ஆய்வு மாணவியை அழைக்கிறேன்.