இல்லறமும் அனுமதிச் சீட்டும்



கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலரும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, குமுளி வழியாகவும் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகவும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை அவை அடைகின்றன. மாநிலம் மாறுகிறது, மொழி மாறுகிறது. ஆயினும் எவரும் சீட்டுக் கேட்பதில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது சில மாதங்கள் கேட்டார்கள். அப்போதுதான் எல்லை என்று ஒன்று உண்டு என்பதே நம்மில் பலருக்கு நினைவு வந்தது. நம் பெண் ஒருத்தி மலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டுச் சென்றால், அவள் அவனுக்கு மனைவிதானா, அதற்குச் சான்று உண்டா என்று வினவும் அதிகாரி அங்கு ஒருவரும் இலர்.

கடல் கடந்தால் நிலைமை வேறு. அங்கே கணவனுடன் வாழ்வதற்கு மணமாலை மட்டும் போதாது. அரசாங்கம் தரும் அனுமதிச் சீட்டும் வேண்டும். அச்சீட்டும் நிலையானதன்று. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ தருவார்கள்; பின் புதுப்பிக்க வேண்டும். கடற்பயணம் மகளிரோடு செய்வதில்லை என்பது தொல்காப்பியர் குறிக்கும் மரபு. இன்று நம் வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கணவன்மாரைச் சேர விமானம் ஏறுகிறார்கள். சில ஆண்களும் வெளிநாட்டில் பணிபுரியும் மனைவியரைச் சேரப் போகிறார்கள். எனவே இச்சீட்டின் வரலாற்றையும் தன்மையையும் நீங்கள் அறிந்திருப்பது நன்று.

இவ்வழக்கு நமக்குப் புதியதன்று. நூறாண்டுக்கு முன்னரே தென்னாப்பிரிக்காவில் தமிழர் இதற்காகச் சிறை சென்றிருக்கின்றனர். 1913ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹசன் ஈசப் என்பவர் இந்தியாவில் இசுலாமிய முறைப்படி மணந்த தம் மனைவி பாய் மரியத்தைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விரும்பினார். பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு சமயத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை அந்நாட்டுச் சட்டம் திருமணமாகக் கருதாது என்பது தீர்ப்பின் சாரம். அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். இந்து, முசுலிம், பார்சி என்ற வேறுபாடின்றி, அங்கிருந்த இந்தியப் பெண்கள் ஏறத்தாழ அனைவரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதார் ஆயினர். தாயகத்திலிருந்து மனைவியை அழைத்து வரும் வழியும் அடைபட்டது.

அதுவரை ஆடவர் நடத்திய சத்தியாக்கிரகத்தில் மகளிர் இறங்கியது இத்தீர்ப்புக்குப் பின்னரே. கஸ்தூரிபா சிறை புகுந்தார். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையுடன், எல்லை கடந்து நேட்டால் மாகாணத்து நியூகாசில் என்னும் நிலக்கரிச் சுரங்க நகருக்குச் சென்று, அங்கிருந்த தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பினர். ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று காலம் முடிந்தவர்கள் மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியும் அப்போராட்டத்தின் காரணங்களுள் ஒன்று. அச்சிறைவாசத்தில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாளில், 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்த பதினாறு வயதுப் பெண்தான் தில்லையாடி வள்ளியம்மை. பாடப் புத்தகங்களில் அவர் பெயரைப் படிக்கிறோம். ஆனால் மனைவி என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் ஓரிடம் வேண்டும் என்பதும் அவர் சிறை சென்ற காரணங்களுள் ஒன்று என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் அழுத்திச் சொல்லுவதில்லை. அதே 1914இல் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் அத்தலைவரியை நீக்கியது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களை ஏற்றுக்கொண்டு, அவளும் பிள்ளைகளும் உள்ளே வர வழி செய்தது.

அடுத்த பாடம் இலங்கையில் கிடைத்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் தங்கிச் சோதனை முடித்து, நம் மக்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவதும் வருவதுமாய் இருந்தனர். திருமணத்திற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஊர் வருவது அவர் வழக்கம். இலங்கை விடுதலை பெற்றபின், 1949ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளிலிருந்து விசா முறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானியக் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது அங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. கணவன் வாழ்ந்தால் மட்டும் போதாது. மனைவியும் அங்கேயே வாழ்ந்தவளாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தாய் வீட்டில் பிள்ளை பெறுவது நம் பெண்களின் வழக்கம் அன்றோ? அவ்வழக்கமே விண்ணப்பத்திற்குப் பகையாயிற்று. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேர்க்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. பின்னர் 1964இல் ஏற்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமும், அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் தனியாகப் பேசத் தக்கவை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நாடுகள் பல, விதிகளும் பல, அவை அடிக்கடி மாறவும் மாறுகின்றன. ஆயினும் எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. துணையின் சீட்டு தனிமரம் அன்று; கொழுகொம்பைப் பற்றிய கொடி. நம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பந்தற்கால் சாய்ந்தால் கொடியும் சாயும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். எச்-1பி என்னும் வேலை விசாவில் சென்றவரின் மனைவிக்கு எச்-4 என்னும் விசா கிடைக்கும். அதில் வாழலாம், படிக்கலாம். ஆனால் சம்பளத்திற்கு வேலை செய்தல் பொதுவாக இயலாது. கணவர் நிரந்தரக் குடியிருப்புக்கான விண்ணப்பத்தில் குறிப்பிட்ட படியை எட்டியிருந்தால் மனைவியும் வேலைக்கு அனுமதி கேட்கலாம் என்று 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விதி வந்தது. அதற்கு முன் நம் பொறியியற் கல்லூரிகளில் பட்டம் பெற்ற பெண்கள் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்திருந்தனர். அமெரிக்கக் குடிமகனை மணந்தவருக்கு வேறு வழி உண்டு. திருமணமாகி ஈராண்டு நிறையாதவராயின், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குக் கிடைப்பது 2 ஆண்டுக்கான நிபந்தனைக் குடியிருப்புச் சீட்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், திருமணம் மெய்யானது என்று இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தல் வேண்டும். போலித் திருமணங்களைத் தடுக்க வந்த விதி இது. நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணவனுடைய கையொப்பத்தைப் பொறுத்தே மனைவி நாட்டில் இருப்பதா போவதா என்றிருப்பது, கொடியவன் கையில் கோல் கொடுப்பதாகும். கொடுமைக்கு ஆளானவர் தனியே விண்ணப்பிக்கவும் அச்சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெண்கள் அறிதல் வேண்டும்.

பிரிட்டன் வருமானத்தைப் பார்க்கிறது. துணையை அழைப்பவர் ஈட்ட வேண்டிய ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுன் என்றிருந்தது; 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்த்தினர். அங்கு படிக்கப் போகும் மாணவர்க்கு மற்றொரு செய்தி: 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர் தம் மனைவியையோ கணவனையோ உடன் அழைத்துச் செல்ல இயலாது. படிக்கப் போவதாகச் சொல்லித் திருமணம் பேசும் வீட்டார் இதைச் சொல்லுவதில்லை. சிங்கப்பூரில் சார்ந்தோர் சீட்டில் இருப்பவர் வேலை செய்ய விரும்பினால், 2021 மே முதல் தமக்கெனத் தனி வேலைச் சீட்டுப் பெறல் வேண்டும். ஜெர்மனி பல வகையினரிடம், விசா தரும் முன்பே தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்ச்சியைக் கேட்கிறது. அதே சமயம், அங்கே துணைக்கு வேலை செய்யும் உரிமை உண்டு; 3 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் மணவாழ்வு முறிந்தாலும், துணைக்குத் தனிப்பட்ட குடியிருப்பு உரிமை உண்டாகிறது. நான் அறிந்த அளவில் இது நேர்மையான ஏற்பாடு.

வளைகுடா நாடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் பகுதியினர் என்னை மன்னியார். அங்கே கணவன் மனைவிக்குப் பொறுப்பேற்பவனாய் நின்று சீட்டு வாங்குகிறான். ஐக்கிய அரபு எமிரேட்டில் அதற்கு மாதம் 4,000 திர்ஹமோ, அல்லது இருப்பிடத்துடன் 3,000 திர்ஹமோ சம்பளம் வேண்டும். கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் போகிற பலருக்கு அச்சம்பளம் இல்லை. ஆகவே அவர்களுடைய மனைவியர் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் இருக்க, இல்லறம் தொலைபேசியில் நடக்கிறது. பிள்ளையின் தேர்ச்சி அட்டையில் தந்தை கையொப்பம் கேட்டால், தாயோ பாட்டனோ போட்டுக் கொண்டு வருவார்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை தகப்பன் வந்து பள்ளி வாசலில் நிற்பான். பிள்ளை அவனைக் கண்டு கூச்சப்படும். சீட்டுக் கிடைத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், கிடைக்காதவர்கள் இவர்களே.

பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்வேன். அது பெயர். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே முன்னொட்டு. பள்ளிச் சான்றிதழில் மு. செல்வி என்றிருப்பவள், பாஸ்போர்ட்டில் செல்வி முனியாண்டி ஆகிறாள். மணமானபின் வங்கிக் கணக்கில் கணவன் முதலெழுத்தைச் சேர்த்துக் க. செல்வி ஆகிறாள். ஆங்கில எழுத்தில் ஓர் ஆவணத்தில் ஒரு வகையாகவும் மற்றொன்றில் வேறு வகையாகவும் எழுதுகிறார்கள். ஊரில் மூவரும் ஒருத்தியே என்று எல்லோர்க்கும் தெரியும். தூதரக அதிகாரிக்கு அவர்கள் மூன்று பெண்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது, பெயர், தந்தை பெயர், பிறந்த நாள் ஆகியவற்றைப் பார்த்துக் கையொப்பமிடுமாறு பெற்றோரை அழைப்போம். பலர் பாராமலே கையொப்பமிடுவர். அன்று ஐந்து நிமிடத்தில் திருந்தக்கூடிய பிழைக்குப் பின்னாளில் அரசிதழ் அறிவிப்பும் அலைச்சலும் வேண்டியிருக்கும். மாணவரே, அப்பட்டியல் உங்கள் முன் வரும்போது எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு மற்றொரு பயனும் உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வளைகுடா நாடுகள் உட்பட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பெற வேண்டியதாக வைத்த அனுமதி, பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு வேண்டியதில்லை என்றாயிற்று.

திருமணத்தைப் பதிவு செய்தலும் இவ்வகையினதே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவாக வேண்டும். 90 நாளுக்குள் செய்துவிடுவது எளிது. கோயிலிலோ பள்ளிவாசலிலோ தரும் சான்று மட்டும் வெளிநாட்டில் செல்லாது. பதிவுச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெறுவது அடுத்த படி. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்ததால் இம்முறை நமக்குக் கிடைத்தது; அவ்வுடன்படிக்கைக்கு வெளியே உள்ள நாடுகளுக்குத் தூதரக மேலொப்பம் வேண்டும்.

வரன் பார்க்கும் வீட்டார், மாப்பிள்ளையின் சம்பளத்தையும் காரையும் கேட்கிறார்கள். அவர் எந்தச் சீட்டில் இருக்கிறார், அது எந்நாள் முடிகிறது, அவர் வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், பெண் அங்கு வேலை செய்யலாமா என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவில் எச்-1பி வேலை இழந்தவருக்கு 2017 முதல் உள்ள விதிப்படி அதிக அளவாக 60 நாள் அவகாசம், மனைவிக்கும் அவ்வளவே. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதில்லையா?

சென்ற இடத்தில் துன்பம் நேர்ந்தால் அணுகத்தக்க இடங்களும் உண்டு. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமுதாய நலநிதி இயங்குகிறது. வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் என்னும் இணையவழியில் முறையிடலாம். வெளிநாட்டிந்தியர் திருமணங்கள் பற்றிய முறையீடுகளைத் தேசிய மகளிர் ஆணையம் ஏற்கிறது; தமிழ்நாட்டு அரசுக்கும் அயலகத் தமிழர் நலனுக்கென ஒரு துறை உண்டு. ஆனால் இவற்றுள் எதை அணுகினாலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண்ணும் விசாவின் விவரமுமே. அவை கணவனுடைய பெட்டிக்குள் பூட்டியிருந்தால் பெண் என்ன செய்வாள்? ஆகையால் பாஸ்போர்ட்டை அவரவரே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். புறப்படும் முன் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று ஆகியவற்றின் படிகளைத் தாய் வீட்டு அலமாரியில் ஒரு தொகுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள்; விசா புதுப்பிக்கும் போதெல்லாம் புதுப்படியை அனுப்பி, பழையதோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.