விடுமுறையில் சேவை: காத்மாண்டுவில் கண்டதும் கேட்டதும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'சேவை' என்ற தலைப்பில் பதினைந்து நிமிஷம் பேசும்படி காரியதரிசியின் உத்தரவு. நான் உபன்யாசம் செய்பவன் அல்ல. பழைய காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பிறகு 34 வருஷம் மத்திய அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தவன். ஆகவே கண்ணால் கண்டதையும், ஆதாரத்தோடு படித்ததையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்மில் பலருக்குப் பேரன் பேத்திகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள். டிசம்பர் மத்தியில் கல்லூரி மூடினால் மூன்று, நான்கு வாரம் விடுமுறை. அதில் நேபாளத்திலோ, கம்போடியாவிலோ, கென்யாவிலோ ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்த் தொண்டு செய்துவிட்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. மேல்படிப்பு விண்ணப்பத்திலும் ஒரு வரி சேரும். குழந்தைகளின் மனசு நல்ல மனசுதான். அதனால்தான் இந்த விஷயத்தைப் பெரியவர்களாகிய நாம் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில், அமெரிக்காவில் படிக்கும் என் பேத்தி ஒரு ஏஜென்ஸிக்கு வாரக் கணக்கில் கட்டணம் கட்டி, காத்மாண்டுவில் ஓர் இல்லத்துக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டாள். பெண்ணைத் தனியாக அனுப்பப் பிள்ளைக்கு மனசில்லை. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். "அப்பா, நீங்கள் துணைக்குப் போய்விட்டு வாருங்களேன்" என்றான். ஸ்வெட்டர், மங்க்கி கேப் சகிதம் கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த மூன்று மாடி வீடு. இருபத்து சொச்சம் குழந்தைகள். ஐந்தாறு தேசங்களிலிருந்து தொண்டர்கள். குளிர் தாங்காமல் காலையில் எல்லோரும் மொட்டை மாடி வெயிலுக்கு வந்துவிடுவோம். வேர்க்கடலை, ஆரஞ்சுப் பழம் வரும். ஆரஞ்சுச் சுளைகளை வைத்துக்கொண்டு நான் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்கள் ஆங்கிலப் பாட்டு கற்றுக் கொடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பாட்டுகளெல்லாம் மனப்பாடம். வாரத்துக்கு ஒரு புது வாத்தியார். பாடம் மட்டும் பழையது.

வந்தவர்களில் ஹிந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். சினிமா பார்த்துப் பார்த்து அங்கே குழந்தைகளுக்கு ஹிந்தி நன்றாகப் புரிகிறது. ஒன்பது வயசுப் பையன் ஒருவன் முதல் நாளே என்னிடம், "பாஜே, உங்கள் டிக்கெட் என்றைக்கு?" என்று கேட்டான். 'பாஜே' என்றால் தாத்தா. புதிதாக யார் வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி அதுவாம். இந்த வருஷம் எத்தனை அக்காக்கள் வந்தார்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். விரல் போதாமல் விட்டுவிட்டான்.

"ஊரில் யார் இருக்கிறார்கள்?" என்றேன். "அம்மா, இரண்டு தங்கைகள், ஒரு பசு" என்றான்.

ஏஜென்ஸியின் விளம்பரத்திலோ அவன் அனாதை. நிர்வாகியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அப்படிப் போட்டால்தான் ஆள் வருகிறார்கள், ஸார்" என்றார். பையனுடைய ஊர், திபெத் எல்லையை ஒட்டிய ஹும்லா ஜில்லாவில் ஒரு மலைக் கிராமம். பட்டணத்தில் படிக்க வைக்கிறேன் என்று ஒருவர் வந்து சொல்ல, தாயார் கடன் வாங்கிப் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இது ஒரு பையனின் கதை மட்டுமல்ல. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் யுத்த காலத்தில் இப்படிப் பல குழந்தைகள் ஹும்லாவிலிருந்து இறக்கப்பட்டார்கள். கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர் 2004-ல் காத்மாண்டு அருகே ஓர் இல்லத்தில் தொண்டு செய்ய வந்தார். அனாதைகள் என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் இருப்பது தெரிந்ததும், ஹும்லா மலைகளில் நடந்தே போய் அவர்களைத் தேடினார். அதைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். நேபாள இல்லங்களில் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யுனிசெஃப் சொல்கிறது. இல்லங்களில் பெரும்பாலானவை இருப்பது ஏழ்மை மிகுந்த மலை ஜில்லாக்களில் அல்ல. காத்மாண்டு, போக்ரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் வருகிற இடங்களில். இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

"இருக்கட்டுமே, குழந்தைக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது.

ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசாங்க விடுதிகளில் இருந்தார்கள். 2000-ல் நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் புக்கரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்து 136 சிசுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுப் போடுவதுபோலப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மீதிப் பேர் வழக்கம்போல் விடுதியில். ஆராய்ச்சிச் சாலையில் இரண்டு குழாய்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அதே முறைதான். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் புத்தி வளர்ச்சியிலும், ஒருவரிடம் பாசம் வைப்பதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயசுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாக. குழந்தைக்கு வேண்டியது சோறும் கூரையும் மட்டுமல்ல. நாளைக்கும் இருக்கப்போகிற அதே முகம். பதினைந்து நாளைக்கு ஒரு புது அக்கா வந்து, கொஞ்சிவிட்டு, டாட்டா சொல்லிப் போவது இதற்கு நேர் விரோதமானது.

உலகமும் இதை உணர ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல் கொண்டுவந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தின் பரிசீலனையில், இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் சேர்த்துக்கொண்டது. நேபாளத்தின் 2018-ஆம் வருஷக் குழந்தைகள் சட்டம், உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் இல்லம் என்று சொல்கிறது.

என் பேத்தி ஒரு நாள் ராத்திரி, "தாத்தா, நான் போனபிறகு அவன் யாரிடம் ஒட்டிக்கொள்வான்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவளே அந்நாட்டு அதிகாரிகளுக்கும் ஏஜென்ஸிக்கும் விடாமல் எழுதினாள். ஆறு மாதம் கழித்துப் பையன் தன் அம்மாவோடு போனில் பேசினான். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பேத்தி இரண்டு வாரத்துக்குக் கட்டிய பணம், அங்கே விசாரித்ததில், அவனை அவன் ஊரிலேயே வைத்து ஒரு வருஷம் படிக்க வைக்கப் போதும்.

ஆகவே என் அபிப்பிராயங்கள் மூன்று.

ஒன்று: விடுமுறையில் போகத்தான் வேண்டுமென்றால் குழந்தைகள் இல்லம் வேண்டாம். தெரிந்த தொழிலோடு போகட்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவன் உள்ளூர் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அவன் திரும்பினாலும் அந்த ஆசிரியர் அங்கேயே இருப்பார்.

இரண்டு: பணம் கொடுப்பதானால், குழந்தையைத் தாயிடம் திருப்பி அனுப்புகிறவர்களுக்கும், வீட்டிலேயே வைத்துப் படிக்க உதவுகிறவர்களுக்கும் கொடுங்கள். "எத்தனை குழந்தைகளை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "இந்த வருஷம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள்.

மூன்று: நம் தேசத்தைப் பற்றியது. திதி நாளிலும் பிறந்தநாளிலும் இல்லங்களுக்குச் சாப்பாடு போடுவது நம் வழக்கம்; நல்ல வழக்கம். ஆனால் 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டப்படி அந்த இல்லம் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில், கணவனை இழந்த ஏழைத் தாய்மார் குழந்தையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. ஜில்லா குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஃபாரம் பூர்த்தி செய்வதில் நம்மைப் போன்ற ரிடையர்டு ஆசாமிகளை மிஞ்ச யாரால் முடியும்? விமான டிக்கெட் வேண்டாம், பேனா போதும்.