தங்கும் இல்லமும் மூன்று படிகளும்

 

வெள்ளி விழாவில் வாழ்த்துரை வழங்குமாறு நம்மைப் பணித்தார்கள். வாழ்த்து நெஞ்சில் நிறைய உண்டு. எனினும், இவ்விழாவின் நினைவாகத் தஞ்சையில் வெளியூர் மாணவர் தங்கும் இல்லம் ஒன்று எழுப்புவதென முடிவாகியிருப்பதால், அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

வழிப்போக்கருக்கு இடமளிப்பது தஞ்சைக்குப் புதிதன்று. இராமேசுவரம் செல்லும் சாலையில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், அந்தணர் முதல் பறையர் ஈறாக வரும் வழிப்போக்கர் அனைவருக்கும் சத்திரங்களில் உணவளிக்கப்படுவதாகக் குறித்துள்ளார். எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

பொதுச் சாலையும் கிணறும் பொதுக் கட்டடமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொணர்ந்தார். 1938இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சட்டமே பிறந்தது. 1950இல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடை, உணவகம், விடுதி ஆகியவற்றுள் நுழைய எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அவ்விதி மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என ஐந்தினைக் கூறுகிறது. உடற்குறையைக் கூறவில்லை. அந்த இடைவெளி எத்தகையது என்பதை நாம் ஒரு மாணவரிடமிருந்தே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பள்ளியில் பயின்று பட்டம் பெற்ற இளைஞர் ஒருவருக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு வந்தது. இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இயங்குபவர். துணைக்கு நாம் சென்றோம். விடுதியில் ஊர், பெயர் கேட்டார்கள், சாதி கேட்கவில்லை. நம் தந்தையார் காலத்தில் கேட்டிருப்பார்கள். ஆயினும் வாசலில் மூன்று படிகள் இருந்தன. பணியாளர் இருவர் நாற்காலியோடு அவரைத் தூக்கினர். அறைக் கதவு இடம் தந்தது; குளியலறைக் கதவோ இரண்டடி அகலம். நாற்காலி நுழையவில்லை.

இரவு உணவின்போது அவர் தண்ணீரைத் தொடவில்லை. காலையில் காப்பியும் வேண்டாமென்றார். வற்புறுத்திக் கேட்டபோது, "குடித்தால் உங்களை எழுப்ப வேண்டியிருக்கும் ஐயா, பழக்கந்தான்" என்றார். பழக்கம் என்ற சொல் நம்மைச் சுட்டது. நம் பள்ளியில் ஐந்தாண்டுகள் பயின்றவர் அவர். காலை மணி முதல் மாலை மணி வரை எவ்வாறு பொறுத்திருந்தார் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நட்சத்திரத் தகுதி வேண்டும் விடுதிகள் மாற்றுத்திறனாளிக்கென ஓர் அறையாவது ஒதுக்க வேண்டுமென்று மத்திய சுற்றுலா அமைச்சகம் விதித்துள்ளது. ஆனால் அவ்வறையின் வாடகை நம் பிள்ளைகளுக்கு எட்டுமா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் கட்டடங்களுக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. இதற்கான அளவுகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது.

அளவுகள் கடினமானவை அல்ல. காவிரிப் பாசனப் பகுதியில் மழைநீருக்கு அஞ்சி வீட்டை மேடாக்கியே கட்டுவோம். அதனைக் குறை கூறவில்லை. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரையடிப் படிகள் மூன்றெனில் பதினெட்டடிச் சாய்தளம். எட்டாம் வகுப்பு மாணவனே போட்டுவிடுவான். கதவு மூன்றடி அகலம் வேண்டும். குளியலறைக்குள் நாற்காலி சுழல ஐந்தடி விட்டமுள்ள இடம் வேண்டும். அதன் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உட்புறம் திறந்தால், உள்ளே விழுந்தவரைத் தூக்கவும் வழியிராது. மேனாட்டுக் கழிப்பிடமும் சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பியும் வேண்டும். சுவர் எழும்புமுன் செய்தால் செலவு சிறிது. எழுப்பிய பின் இடித்துச் செய்வதே பெருஞ்செலவு.

நிர்வாகிகள் அன்புடன் காட்டிய கட்டட வரைபடத்தைக் கண்டோம். தரைத்தளத்தில் அலுவலகமும் பண்டக அறையும் உள்ளன. மாணவர் அறைகள் யாவும் மாடியில் உள்ளன. அலுவலகத்தை மாடிக்கு அனுப்பி, அவ்விடத்தில் இரண்டு அறைகளை மேற்கூறிய அளவில் அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. கணக்கெழுதும் நாமெல்லாம் படியேற முடியும். அந்த இளைஞரும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அளவு எடுக்கும் நாளில் அவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். அடித்தளம் தோண்டும் பணி தை மாதம் தொடங்குமென அறிகிறோம். வரைபடத்தைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது.