அவையைக் கேட்காமல் படை போகக் கூடாது



ஊர்வலம் போய் எந்தப் போர் நின்றது என்று நம்மைக் கேட்கிறார்கள். 2003 பிப்ரவரி 15ஆம் தேதி இதே லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கில் திரண்டார்களே, ஈராக் போர் நின்றதா என்கிறார்கள்.

நிற்கவில்லை. மார்ச் 18ஆம் தேதி நாடாளுமன்றம் 412க்கு 149 என்று போருக்குச் சம்மதம் கொடுத்தது. அதற்கு முதல் நாளே அமைச்சர் ராபின் குக் போரை எதிர்த்துப் பதவியைத் தூக்கி எறிந்தார். உத்தரவிட்ட 45 நிமிடத்தில் ஈராக் அதிபர் சதாம் நாசகார ஆயுதங்களை ஏவிவிடுவார் என்று பிரதமர் டோனி பிளேர் அரசு அச்சடித்துக் கொடுத்திருந்தது. தேடித் தேடியும் அந்த ஆயுதங்கள் அகப்படவில்லை. 179 பிரிட்டிஷ் படையினர் மாண்டார்கள். ஈராக்கில் மாண்டவர்கள் லட்சத்துக்கும் மேல். போர் என்றால் என்னவென்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்தாண்டு கழிந்தது. 2013 ஆகஸ்டில் சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் அருகே கூட்டாவில் சாரின் நச்சு வீசப்பட்டது. குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். இந்த முறை ஆயுதம் உண்மை, பிணங்கள் உண்மை! சிரியாவைத் தாக்கச் சம்மதம் கேட்டு வந்த பிரதமர் டேவிட் கேமரன் 285க்கு 272 என்று தோற்றார். ஈராக் விவகாரம் மக்கள் மனத்தில் நஞ்சைக் கலந்துவிட்டது என்று அவரே அவையில் ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும், காங்கிரஸைக் கேட்டுவிட்டுத்தான் தாக்குவேன் என்றார்.

2003இல் நடந்த கால்கள் வீணாக நடக்கவில்லை, தோழர்களே. ஆனாலும் இதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கூட்டாவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த வாக்கெடுப்பு என்ன நீதி தந்தது? ஈராக் போருக்காகச் சொன்ன பொய், 2013இல் சொன்ன உண்மையையும் சாகடித்தது. அந்தப் பழியும் பிளேரையே சேரும்.

ஆட்சியாளர்கள் என்ன பாடம் படித்தார்கள்? பொய் சொல்லக் கூடாது என்பதையா? இல்லை, அவையைக் கேட்கவே கூடாது என்பதை! 2018 ஏப்ரலில் பிரதமர் தெரசா மே, விடுமுறையில் இருந்த அவையைக் கூட்டாமலே சிரியா மீது ஏவுகணை வீசினார். 2024 ஜனவரியில் பிரிட்டன் ஏமனைத் தாக்கியபோதும் முன்கூட்டி வாக்கெடுப்பு இல்லை. கேட்டால், அவையைக் கேட்பது வெறும் மரபுதான், சட்டம் அல்ல என்கிறார்கள். மன்னரின் பெயரால் போர் தொடுக்கும் அதிகாரம் இன்றும் பிரதமரின் சட்டைப்பையில் இருக்கிறது.

வியட்நாமில் அடிபட்ட அமெரிக்கா, 1973இல் அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி, படை அனுப்பும் அதிபரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் போர் அதிகாரச் சட்டம் போட்டது. அதை அங்கே ஏய்க்கிறார்கள், எனக்குத் தெரியும். ஏய்ப்பவனை எதிர்த்துக் கேட்க அங்கே சட்டம் இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

இந்த நாட்டில் வாக்குரிமை பெற்ற நாம், அடுத்த போர் மூளும்வரை பதாகைகளைச் சுருட்டி வைத்திருக்கக் கூடாது. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரையும் வாசலிலேயே நிறுத்துங்கள். படை புறப்படும் முன் வாக்கெடுப்பைச் சட்டமாக்குவாயா, மாட்டாயா என்று கேளுங்கள்!