மறுப்போர் வாயை அடைப்பதா? மாண்டோரை எண்ணுவதா?

(தூத்துக்குடியில் ஆற்றப்பெற்ற உரை)



இக்கரையில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்கியோர் எடுத்த சிப்பியைக் கரையிற் பலரறிய எண்ணியே அரசின் பங்கும் குளித்தோர் பங்கும் பிரிக்கப்பெற்றன. எண்ணாது பிரித்திருப்பின் வலியவன் சொன்னதே கணக்காகியிருக்கும். சிப்பிக்கு இருந்த அவ்வெண்ணிக்கை தமிழன் உயிர்க்கு இல்லை!

இக்கடலுக்கு அப்பால், 2009-இல், முள்ளிவாய்க்காலில் தமிழர் கொன்று குவிக்கப்பெற்றனர். போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் உரைத்தது. சிங்கள அரசோ, பொதுமக்களுள் ஓருயிரும் போகாமற் போரிடுவதே தன் கொள்கை என்று பறைசாற்றியது. இங்ஙனம் மறுப்போரைச் சிறையிடச் சட்டம் வேண்டும் என்கின்றனர் தமிழருட் சிலர். வெந்த நெஞ்சம் அங்ஙனம் கேட்பது இயல்பே. ஆயினும் ஆய்ந்து கேட்டல் நன்று.

யூதர் இனக்கொலையை மறுப்பதைப் பிரான்சு 1990-இற் குற்றமாக்கியது. செருமனி 1994-இல் அதனை வெளிப்படையாகவே சட்டத்தில் எழுதியது. ஆனால், ஆர்மீனியர் இனக்கொலை மறுப்பைத் தண்டிக்க எழுந்த சட்டத்தைப் பிரான்சின் அரசமைப்பு மன்றமே 2012-இல் தள்ளிவிட்டது. துருக்கியிலோ நிலைமை தலைகீழ். அக்கொலை நடந்தது என்று சொன்னோரே, துருக்கியரை இழிவுபடுத்தினர் என வழக்கிற்கு ஆளாயினர். பூட்டு ஒன்றே, திறவுகோல் எவன் கையில் என்பதே வினா.

தூத்துக்குடி இதனை நன்கறியும். 1908-இல் வ.உ. சிதம்பரனார் பேசிய பேச்சை அரசுப்பகை என்று கூறி வெள்ளையன் இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தான். இலங்கையில் 1983-இல் வந்த ஆறாம் திருத்தம் தனிநாடு கோரும் சொல்லையே குற்றமாக்கியது. பேச்சைத் தண்டிக்கும் கோல் வலியவனிடமே சேரும். அதன் அடி எளியவன் முதுகிலேயே விழும்.

அங்ஙனமாயின் பொய்யை வாளா விடுவதா? அன்று! கொலைக்குத் தூண்டும் பேச்சு கருத்தன்று, அது படைக்கலம். அதனைத் தடுத்தே ஆகல் வேண்டும். வெறும் பொய்யை வெல்லும் வழியைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் காட்டியது. 2021-இல் இயன்ற அதன் சட்டம் எவரையும் சிறையிடவில்லை. மே 18-உடன் முடியும் கிழமையைத் தமிழர் இனக்கொலையைக் கற்பிக்கும் கிழமையாக்கியது. எதிர்த்தோர் தொடுத்த வழக்கு 2022-இலும் 2024-இலும் தோற்றது. 2025-இல் அந்நாட்டு உச்ச வழக்குமன்றமும் அவர்தம் முறையீட்டை ஏற்க மறுத்தது.

2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னத்தை இரவில் இடித்தனர். மாணவர் கிளர்ந்தனர், சின்னம் அவ்வாண்டே மீண்டும் எழுந்தது. இடித்தவனைச் சட்டம் வெல்லவில்லை, நினைவே வென்றது.

ஆதலின் தமிழீர்! மாண்டோர் பெயரைத் திரட்டுக! கண்டோர் சான்றைப் பதிக! மக்கட்குக் கற்பிக்க! கரையில் எண்ணி வைத்த கணக்கை எந்த அரசும் கடலில் எறிந்துவிட முடியாது.